வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் படலை

இது பெரிய புயல் அடித்ததற்கு அடுத்த வருசம் நடந்தது. வருசக் கணக்கை என்னிடம் கேட்காதீர்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் பிறப்பையும் சாவையும் கலியாணத்தையும் புயலுக்கு முன், புயலுக்குப் பின் என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். தென்னைகளை எல்லாம் ஒரே பக்கமாகப் படுக்க வைத்துவிட்டுப் போனதே, அந்தப் புயல். காட்டிலும் மரங்கள் விழுந்து கிடந்ததாலோ என்னவோ, அடுத்த வருசம் யானைகள் பகலிலும் வயல்வெளிக்கு இறங்கத் தொடங்கின. அதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு மறந்துபோவேன்.

இன்றைக்கு ஏன் ஞாபகம் வந்தது என்றால், காலையில் மகன் வீட்டு முற்றத்தில் கதிரையைப் போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தேன். ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுவந்தான். கேற்றுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். கையை நீட்டினால் அவன் மூக்கைத் தொடலாம். அவனோ என்னைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்து, மேல்மாடியில் நின்ற மருமகளோடு கதைத்தான்.

"அக்கா, கேற்றடியில நிக்கிறன்."

மருமகள் அங்கிருந்து எனக்குப் போன் அடித்தா. சட்டைப் பைக்குள் கிடந்து அது துள்ளியது. எந்த இடத்தில் அமத்துவது என்று நான் தடவிப் பார்ப்பதற்குள் அவவே இறங்கி வந்துவிட்டா. எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் ஒரு பெருமூச்சும் வந்தது. கவலைப் பெருமூச்சு இல்லை, அப்பாடா என்கிற பெருமூச்சு. ஒரு மனிதர் படலைக்கு வந்து நிற்கிறார் என்று வீட்டுக்குள் தெரிய வைக்க நாங்கள் பட்ட பாடு அப்படி.

எங்கள் வீடு கட்டைபறிச்சானுக்கு வெளியே, வயலுக்கு நடுவில் இருந்த ஒரு மேட்டில். படலையோ கிறவல் றோட்டோரம். இரண்டுக்கும் நடுவே முழு வயலும் கிடந்தது. படலையைத் திறந்தால் உடனே ஒரு வாய்க்கால். அதைத் தாண்ட ஒரு பனங்குற்றிப் பலகை. ஊர்மாடுகள் தாண்டி வந்து பயிரில் வாய் வைக்கும் என்று அந்தப் பலகையை எப்போதும் எங்கள் பக்கமாக இழுத்துப் போட்டிருப்போம். ஆகவே வந்தவர் எவரானாலும், வீட்டிலிருந்து ஒருவர் வரம்பு வழியே நடந்துபோய்ப் பலகையைப் போட்டால்தான் உள்ளே வரலாம். வந்தவர் கூப்பிட வேண்டும், எங்களுக்குக் கேட்க வேண்டும். அங்கேதான் வில்லங்கம்.

கச்சான் காற்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. வெயில் காலத்தில் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. எங்கள் படலை எந்தக் கோணத்தில் இருந்ததோ, அங்கே நின்று கூப்பிட்ட குரலை எல்லாம் அள்ளிக்கொண்டு கொட்டியாபுரக் குடாவுக்குள் போட்டுவிடும். எங்கள் வீட்டு ஆட்களைக் கூப்பிட்ட சத்தம் கடலில் வலை இழுக்கிற ஆட்களுக்குக் கேட்டிருக்கும்.

காசு செலவில்லாமல் ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சின்னத்தம்பி அண்ணை என்று எங்கள் பக்கத்து வயற்காரர். அவர் படலையிலிருந்து வீடு வரைக்கும் தங்கூசி கட்டினார். மீன் பிடிக்கிற நைலோன் நூலைத்தான் நாங்கள் தங்கூசி என்போம். வீட்டு முனையில் ஒரு பால்மா ரின், அதற்குள் கூழாங்கற்கள். வந்தவர் நூலை இழுத்தால் ரின் கலகலக்கும். நல்ல யோசனைதான். ஆனால் அந்த நூலில் காகம் குந்தியது, குரங்கு தொங்கியது, கடைசியில் எருமை ஒன்று கொம்பில் மாட்டிக்கொண்டு ரின்னையும் இழுத்துக்கொண்டு ஓடியது. ரின் சத்தத்தில் எருமை மிரண்டது, எருமை மிரள ரின் இன்னும் சத்தம் போட்டது. அதைப் பிடிக்க அண்ணைக்கு ஒரு பின்னேரம் முழுவதும் போனது.

தபால்காரர் கூப்பிடுவதே இல்லை. ஒரு தடியைப் பிளந்து, கடிதத்தை அதற்குள் செருகி, வேலியில் குத்திவிட்டுப் போவார். அந்த ஊரில் அதிகம் கடிதம் வாசித்தவை ஆடுகள்தான். எனக்கு எழுத்து வாசிப்பு இல்லாததால் அந்த நட்டம் பெரிதாகத் தெரியவில்லை.

எல்லோரிலும் கெட்டிக்காரர் மூதூரிலிருந்து சைக்கிளில் சீலைப் பொட்டலம் கட்டி வருகிற காசிம் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். அவர் சத்தமே போடமாட்டார். விற்பதற்குக் கொண்டுவருகிற முகம் பார்க்கிற கண்ணாடியில் ஒன்றை எடுத்து வெயிலுக்குப் பிடிப்பார். எங்கள் குசினிச் சுவரில் ஒரு வெளிச்சத் துண்டு வந்து துள்ளும். அம்மா அடுப்படியிலிருந்து நிமிர்ந்து, "நானா வந்திட்டார், ஆராவது போய்ப் பலகையைப் போடுங்கோ" என்பா. மழைக்காரில் மட்டும் அவருக்கு வியாபாரம் இல்லை.

இதெல்லாம் பகிடிக் கதைதான், அக்காவின் சம்பந்தம் குழம்பும் வரைக்கும்.

என் அக்கா புனிதம் எனக்கு நாலைந்து வயது மூத்தவ. அதிகம் கதைக்கமாட்டா, வேலை மட்டும் நடக்கும். புயலுக்கு முந்தின வருசம் திருகோணமலை டவுனிலிருந்து அவவைப் பார்க்க ஒரு பகுதி வந்தது. வந்தார்கள், படலையில் நின்றார்கள், கூப்பிட்டார்கள். நாங்கள் இங்கே பலகாரம் சுட்டு வைத்துவிட்டு வழி பார்த்துக்கொண்டிருந்தோம். காற்று தன் வேலையைச் செய்துவிட்டது. கால் கடுக்க நின்றுவிட்டு அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். போனவர்கள் சும்மா போகவில்லை. வந்தவரை வா என்று கூப்பிட ஆளில்லாத வீடு, வேணுமென்றே நிற்க வைத்தார்கள் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு போனார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் படலையில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்புவது, முகத்தில் அறைந்ததற்குச் சமம். அதற்குப் பிறகு அக்காவைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. அம்மா பலகாரச் சட்டியை எடுப்பதையே விட்டுவிட்டா. இன்னொரு பகுதி வந்து அதுவும் படலையோடு திரும்பினால், அக்காவுக்குக் கலியாணம் என்ற பேச்சே இல்லை. அது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

புயலுக்கு அடுத்த வருசம் காசிம் நானாதான் வாய் திறந்தார். ஈச்சிலம்பற்றில் அவருக்குத் தெரிந்த ஒரு குடும்பம், வயலும் தோணியும் உண்டு, பொடியன் நல்லவன் என்றார். வருகிற நாளையும் சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் ஐயா, அதாவது அப்பா, வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்து டொக்யாட்டில் கூலிவேலை செய்தவர். வெள்ளைக்காரன் கப்பலைக் கொண்டு போனபிறகு வயலுக்குத் திரும்பிவிட்டார். இரும்பு என்றால் அவருக்கு ஒரு மரியாதை. இந்த முறை காற்றை நம்பக்கூடாது என்று சொல்லி, எங்கேயோ கிடந்த ஒரு லொறிச் சில்லின் இரும்பு வளையத்தை உருட்டிக்கொண்டு வந்து, முதல்நாள் பின்னேரம் படலையடி வேம்பில் கட்டித் தொங்கவிட்டார். பக்கத்தில் அடிக்கிறதற்கு ஒரு இரும்பாணி. ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். சத்தம் கச்சானைக் கிழித்துக்கொண்டு வந்தது. அம்மாவின் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

ஐயா செய்யாமல் விட்டது ஒன்றுதான். அயல் வயற்காரருக்குச் சொல்லவில்லை. எங்கள் வயல்வெளியில் பகலில் இரும்பும் தகரமும் அடிபட்டால் அதற்கு ஒரேயொரு பொருள். யானை இறங்கிவிட்டது. ஒருவர் அடித்தால் கேட்ட எல்லோரும் அடிக்க வேண்டும், கொளுத்த வேண்டும், கத்த வேண்டும். அது எங்கள் ஊர்க்கட்டு. முதல்நாள் ஐயா தட்டியது ஒரு தட்டு. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

வந்தவர்கள் பின்னேரம் வருவதாகத்தான் சொல்லியிருந்தார்கள். வழியில் ஒரு லொறி கிடைத்ததால் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். மூன்று பேர். பொடியனின் தகப்பன், சித்தப்பா, பொடியன். ஐயா தயிர் வாங்க ஊருக்குள் போயிருந்தார். வேம்பில் தொங்கிய வளையத்தைக் கண்டு, இதுதான் மணி போல என்று பொடியன் இரும்பாணியை எடுத்து நாலு தட்டு நன்றாகத் தட்டினான்.

வீட்டில் எங்களுக்குக் கேட்டது. அம்மா, "வந்திட்டினம், வந்திட்டினம்" என்று அரைத்த கையோடு எழும்பினா. அதற்குள் சின்னத்தம்பி அண்ணை வயலில் தகரம் அடிபடத் தொடங்கியது. அதற்கு அங்காலே இன்னொரு வயல். அதற்கும் அங்காலே வெடி. யானை வெடியின் சத்தம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நெஞ்சுக்குள் போய்த்தான் வெடிக்கும். படலையில் நின்றவர்களும் யானைக் காட்டு ஆட்கள்தானே. சுற்றி வரத் தகரம் அடிபட்டதும், ஐயோ யானை வருகுது, எங்களையும் அடிக்கச் சொல்லுகினம் என்று நினைத்துப் பொடியன் அந்த வளையத்தை நிறுத்தாமல் அடிக்கத் தொடங்கினான். அவன் அடிக்க அடிக்க அயல் இன்னும் உக்கிரமாக அடித்தது. எங்களுக்கோ, வந்தவர்களுக்குப் பின்னால் றோட்டுப் பக்கமாக யானை வருகிறது என்றே முடிவாகிவிட்டது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். இருபது வயதுக் காளை. யானை எவ்வளவு கிட்ட நிற்கிறது என்று பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு வைக்கோற்போருக்கு மேல் ஏறிவிட்டேன். பார்த்தேன், யானையைக் காணவில்லை. காணவில்லை என்பதால் இறங்கவும் இல்லை.

அங்கிருந்துதான் அக்காவைக் கண்டேன். கட்டியிருந்த சீலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, அடுப்பில் எரிந்துகொண்டிருந்த கொள்ளிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வரம்பில் ஓடுகிறா. அம்மா பின்னால் நின்று கூப்பிடுகிறா, வேண்டாம் என்று கையைக் காட்டுகிறா. அக்கா திரும்பவில்லை. வந்தவர்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள், பலகையோ இந்தப் பக்கம் கிடக்கிறது, போடாவிட்டால் அவர்களுக்கு ஓட வழி இல்லை. அவவுக்கு அது ஒன்றுதான் தெரிந்திருக்கிறது.

அங்கே என்ன கதை நடந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அக்கா கொள்ளியை வரம்பில் குத்திவிட்டு, நானே மூச்சுப் பிடித்துத் தூக்குகிற பனங்குற்றியின் ஒரு முனையை நிமிர்த்தி வாய்க்காலுக்கு மேலே தள்ளியிருக்கிறா. அது பாதியில் வழுக்கியிருக்கிறது. பொடியன் இரும்பாணியைப் போட்டுவிட்டு, குந்தி, மற்ற முனையைப் பிடித்து இழுத்திருக்கிறான்.

"வாயைப் பாத்துக்கொண்டு நிக்காமல் கெதியா வாங்கோ, வயது போன ஆளை முதல்ல விடுங்கோ" என்று அக்கா அதட்டியிருக்கிறா. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையோடு அவவின் முதல் கதை அது.

தகப்பன் தாண்டிவிட்டார். பொடியன் தாண்டிவிட்டான். சித்தப்பா மட்டும் நடுப்பலகையில் நின்று யானையைத் திரும்பிப் பார்க்கப் போய், வெள்ளை வேட்டியோடு வாய்க்காலுக்குள் விழுந்து குந்திவிட்டார். அக்கா கொள்ளியைப் பிடித்தபடி றோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க, மற்ற இருவரும் அவரைத் தூக்கி எடுத்தார்கள். அப்படியே ஒரு வரிசையாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். முன்னால் சேறு சொட்டச் சொட்டச் சித்தப்பா, பின்னால் தகப்பனும் மகனும், கடைசியில் கொள்ளியோடு அக்கா.

நான் அதற்குள் போரிலிருந்து இறங்கி, இறங்காதவன் போல நின்றுகொண்டேன்.

ஐயா தயிர்ச் சட்டியோடு ஓடி வந்து, என்ன ஏது என்று கேட்டு, விசயம் விளங்கியதும் தலையில் கை வைத்துக்கொண்டு முற்றத்தில் குந்திவிட்டார். யானை இல்லை. எங்கேயும் இல்லை. வந்தவர்கள் கதிரையில் இருந்தார்கள். சித்தப்பாவுக்கு ஐயாவின் சாரம் கொடுத்தோம், அது அவருக்கு முழங்காலோடு நின்றது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. அம்மாவுக்கு யானையும் இல்லை, வேட்டியும் இல்லை, ஒரே கவலை கொள்ளிதான். பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால், கொள்ளியைத் தூக்கிக்கொண்டு மகள் போய் நின்றிருக்கிறாள். இதைவிடக் கெட்ட சகுனம் யார் வீட்டில் நடந்திருக்கும்?

பெரியவர், பொடியனின் தகப்பன், தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். வயலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். ஐயா கையைப் பிசைந்துகொண்டு மன்னிப்புக் கேட்டார். பெரியவர் எழும்பி, "பாப்பம்" என்றார். அவ்வளவுதான். பலகையைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

பாப்பம் என்ற சொல்லை நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். தரமாட்டேன் என்பதற்கும் பாப்பம், வரமாட்டேன் என்பதற்கும் பாப்பம். அம்மா அன்று முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை. அதற்குள் அயலட்டை ஆட்கள் வந்து, யானை எந்தப் பக்கத்தால் போனது என்று விசாரித்தார்கள். யானையே இல்லை என்று ஐயா சொன்னதை ஒருவரும் ஏற்கவில்லை. சின்னத்தம்பி அண்ணை அதன் முதுகைக் கண்டதாகச் சொன்னார். பொழுதுபடுவதற்குள் அதற்குக் கொம்பும் முளைத்துவிட்டது.

ஐயா வளையத்தைக் கழற்றிக் கொண்டுவந்து கோழிக்கூட்டுக்குப் பின்னால் போட்டார். இனிமேல் சத்தமே வேண்டாம் என்றார். டொக்யாட்டில் கப்பலும் கப்பலும் கொடியால் கதைக்கிறதைப் பார்த்தவர் அல்லவா, படலையடியில் ஒரு நீட்டு மூங்கிலை நட்டு, கிணற்றுக் கப்பியைக் கட்டி, கயிறு போட்டு, துணி ஒன்றை ஏற்றினார். வந்தவர் கயிற்றை இழுத்தால் துணி மேலே போகும். முதலில் வெள்ளைத் துணி. வயலில் ஒரு கொக்கு எழும்பினாலும் அம்மா என்னைப் பலகை போட ஓட்டினா. கொக்குகளுக்காக நான் நடந்த தூரம் கொஞ்சமில்லை. பிறகு அம்மாவின் பழைய சீலையில் கிழித்த சிவப்புத் துண்டு ஏறியது. அது சரிவந்தது.

எங்கள் பக்கத்தில் மறுமொழி வருகிற முறை ஒன்று உண்டு. வேண்டாம் என்றால் நடுவில் நின்றவர் வந்து, அதையும் இதையும் கதைத்து, கடைசியில் சொல்லிவிட்டுப் போவார். ஓம் என்றால் அந்த வீட்டுப் பெண்கள் நேரே வருவார்கள். ஆகவே எங்களுக்குப் பயம் காசிம் நானாவின் கண்ணாடி. வெயில் எறித்தால் அம்மா குசினிச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பா.

ஒரு நாள் அந்த வெளிச்சம் வந்தது. சுவரில் துள்ளிக்கொண்டு நின்றது. அம்மா ஐயாவைப் பார்த்தா. ஐயா எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை. அக்காதான் அரிசி புடைத்த சுளகை வைத்துவிட்டு, "நான் போறன்" என்று போனா. நானாவும் அவவும் வரம்பில் வருகிற நேரம் அவ்வளவும் அம்மா கும்பிட்டபடி இருந்தா.

நானா முற்றத்தில் பொட்டலத்தை இறக்கினார். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"ஏன் இப்பிடிப் பாக்கிறீங்க? நான் யாவாரத்துக்குத்தான் வந்தது. அவங்க எனக்கிட்ட ஒண்டும் சொல்லியனுப்பல்ல" என்றார்.

அம்மா அன்றைக்குத் தேவையில்லாமல் ஒரு சீலை வாங்கினா.

அதற்குப் பிறகு ஒரு முற்பகல். ஐயா வரம்பு வெட்டிக்கொண்டு நின்றார், நான் அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்வதுபோலக் காட்டிக்கொண்டிருந்தேன். சிவப்புத் துணி மூங்கிலில் ஏறியது. பாதியில் நின்றது, பிறகு உச்சிக்குப் போனது. கயிறு இழுத்துப் பழக்கமில்லாத கை. ஐயா கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார், அவருக்குக் கண் எட்டவில்லை. எனக்கும் வெயிலில் ஒன்றும் பிடிபடவில்லை. மேட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஆம்பிளையளோ? ஆம்பிளையளோ பிள்ளை?"

அக்கா கிணற்றடியில் நின்றா. கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்தா. பிறகு நனைந்த கையைச் சீலையில் துடைத்தா.

"சீலைதான் அம்மா. மூண்டும் சீலை."

ஐயா மண்வெட்டியை வரம்பில் விட்டுவிட்டு அப்படியே தண்ணீருக்குள் குந்திவிட்டார். நான் பலகை போட ஓடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு விரைவாக ஓடியது அன்றுதான்.

வந்தவர்களில் ஒருவர் பொடியனின் தாய். பெட்டியில் பலகாரமும் வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தா. அம்மா பொறுக்கமாட்டாமல் கொள்ளியைப் பற்றிக் கதையைத் தொடங்க, அந்த மனிசி சிரித்துவிட்டா.

"கொள்ளி எண்டு பாத்தால் யானை விடுமோ? தங்களுக்கு முன்னால வந்து, யானை வாற றோட்டைப் பாத்து நிண்ட பிள்ளையாம். வீட்ட வந்த நேரந்துவக்கம் இவர் இதையேதான் கதைக்கிறார்."

பிறகு ஏன் பெரியவர் பாப்பம் என்று சொன்னார் என்று ஐயா கேட்டார். அது அவருடைய வாய்ப்பழக்கமாம். சோறு போடட்டோ என்று கேட்டாலும் பாப்பம் என்றுதான் சொல்வாராம்.

அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. ஈச்சிலம்பற்றில் பிள்ளைகுட்டியோடு நன்றாக வாழ்ந்தா. அத்தான் என்னைக் காணும்போதெல்லாம், வைக்கோற்போர் சுகமோ என்று விசாரிப்பார். அவர் இருக்கும்வரை விடவில்லை.

இப்போது அங்கே ஒன்றும் இல்லை. பிரச்சினைக் காலத்தில் சண்டைக்குப் பயந்து எல்லோரும் ஊரை விட்டு எழும்பினோம், திரும்பிப் போனபோது மேடு பற்றைக்குள் கிடந்தது. வாய்க்காலுக்குக் குழாய் வைத்து மேலே மண் போட்டு, உழவு மெசின் நேரே உள்ளே போகிறது. மூங்கிலும் இல்லை, வேம்பும் இல்லை. படலை எங்கே இருந்தது என்று எனக்கே மட்டுக்கட்ட ஏலவில்லை. உண்மையைச் சொன்னால் அதில் எனக்குப் பெரிய துக்கம் இல்லை. கூப்பிட்டும் கேட்காமல் ஒருவர் திரும்பிப் போகிற பயம் ஒழிந்ததே, அதுவே போதும்.

ஒன்று மட்டும் பாரமாக இருக்கிறது. அக்காவும் போய்விட்டா, அத்தானும் போய்விட்டார். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எந்தெந்த நாட்டிலோ இருக்கிறார்கள். அவர்களுக்கு அக்காவை ஒரு சத்தம் சிலமன் இல்லாத கிழவியாகத்தான் தெரியும். அவ ஒருநாளும் தன்னைப் பற்றித் தானே சொல்லியிருக்கமாட்டா. ஈச்சிலம்பற்றுப் புனிதத்தின் பேரப்பிள்ளைகள் என்று ஆரையும் எங்கேயாவது கண்டால், தயவு செய்து நிறுத்தி வைத்துச் சொல்லிவிடுங்கள். யானை வருகிறது என்று முழுக்க நம்பித்தான் அவ படலைக்கு ஓடினா என்று சொல்லுங்கள்.